பெட்டி வந்தது, படம் ஓடியது

1931 அக்டோபர் கடைசியில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே இருந்தது பம்பாயில் எடுக்கப்பட்ட ‘காளிதாஸ்’ படத்தின் சுருள். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்ன படம் அது. அதற்கெல்லாம் யாரும் முகம் சுளிக்கவில்லை. வால்டாக்ஸ் சாலை வழியாக கினிமா சென்ட்ரல் தியேட்டருக்கு அந்தப் பெட்டி போனபோது கூட்டம் பின்னாலேயே நடந்தது. பூ தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள். சாமி ஊர்வலத்துக்குச் செய்கிற மரியாதை அத்தனையும் ஒரு தகரப் பெட்டிக்குக் கிடைத்தது.

தமிழ் ரசிகரின் தீர்ப்பு மொழியில் அந்தப் பெட்டி அப்படியே தங்கிவிட்டது. படம் தொடங்கத் தாமதமானால் “பெட்டி வந்துடுச்சா?” என்று கேட்பார்கள். தோற்றுப்போனால் “மூணாம் நாளே பெட்டி திரும்பிடுச்சு” என்பார்கள். ஜெயித்தால் படம் ‘ஓடியது’, இல்லையென்றால் ‘ஊத்திக்கொண்டது’. நன்றாக இருந்ததா என்று கேட்பதற்கு முன்பு ஓடியதா என்று கேட்பதே வழக்கம். ஒரு வருடத்தில் எந்தப் படம் மனசில் நின்றது, எது ஏமாற்றியது என்பதை நாள் கணக்கில் சொன்ன ஊர் இது.

ஏமாற்றம் சீக்கிரமே வந்தது. 1935இல் வெளியான ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக வேடமிட்ட கே.பி. சுந்தராம்பாளுக்குச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அதுவரை இந்தியாவில் எந்த நடிகரும் வாங்காத தொகை. வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வந்தார். இவ்வளவு பெரிய பெயர்கள் சேர்ந்தும் படம் எடுபடவில்லை. ஆனந்த விகடனில் விமர்சனம் எழுதிய கல்கி மனிதர்களை விட்டுவிட்டு, படத்தில் தென்பட்ட மரத்தையும் எருமையையும் ஆட்டையும் நல்ல நடிகர்கள் என்று பாராட்டினார். தமிழில் பட விமர்சனம் கிண்டல் கற்றுக்கொண்டது அப்போதுதான். ஏழு வருடம் கழித்து, 1942இல், அதே கதையை எஸ்.எஸ். வாசன் தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்தார். அது ஓடியது.

மதுரையில் நடந்தது வேறு கதை. 1937இல் வந்த ‘சிந்தாமணி’ ஒரே தியேட்டரில் ஒரு வருடத்துக்கு மேல் ஓட, ராயல் டாக்கீஸ்காரர்கள் லாபத்தில் ஒரு தியேட்டரே கட்டி அதற்குப் படத்தின் பெயரையே வைத்தார்கள். அந்தப் படத்தின் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதருடைய ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியாகி, அங்கேயே மூன்று தீபாவளிகளைக் கண்டது. வெளியான சிறிது காலத்திலேயே பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். நாயகன் சிறையில், படம் பிராட்வேயில். 1947இல் அவர் விடுதலையாகி வந்து நடித்த ‘ராஜ முக்தி’ அடுத்த வருடம் வெளியானபோது, ‘ஹரிதாஸ்’ பார்க்க அலைமோதிய கூட்டம் அங்கே இல்லை.

நாள் எண்ணும் பழக்கத்துக்குக் காரணம் படப்பிரதியின் விலை. பிரதி போடச் செலவு அதிகம் என்பதால் பெரிய நகரத்தில் மூன்று நான்கு தியேட்டர்களில் மட்டும் முதலில் திரையிடுவார்கள். அங்கே ஓடி முடிந்து, பிரதி கோடு விழுந்து, பிறகுதான் சிற்றூர்களுக்கும் டூரிங் டாக்கீஸ்களுக்கும் போகும். எனவே நகரத்துத் தியேட்டரில் ஒரு படம் எத்தனை நாள் நின்றது என்பதே அதன் மதிப்பு. ஐம்பதாவது நாளுக்குப் போஸ்டர், நூறாவது நாளுக்கு விழாவும் ஷீல்டும், இருபத்தைந்து வாரமான 175 நாளுக்கு வெள்ளி விழா.

இந்தக் கணக்கு எப்போதும் நியாயமாக நடந்துகொண்டதா என்று பார்க்க 1954 ஒன்றே போதும். ‘மனோகரா’, ‘தூக்குத் தூக்கி’, எம்.ஆர். ராதாவின் ‘ரத்தக் கண்ணீர்’ எல்லாம் ஒரே வருடத்தில் வந்தவை. கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ‘மலைக்கள்ளன்’ எம்.ஜி.ஆரைப் பெரிய நட்சத்திரமாக்கியது. நாமக்கல் கவிஞரின் நாவலுக்கு மு. கருணாநிதி வசனம் எழுதிய அந்தப் படம் தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, சிங்களம் என்று ஊர் ஊராகப் போனது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் அதற்கே.

அதே வருடம் தமிழ்ப் புத்தாண்டுக்கு ஏவி.எம். ‘அந்த நாள்’ படத்தை வெளியிட்டது. எஸ். பாலசந்தர் இயக்கிய இந்தப் படத்தில் பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த 1943ஐப் பின்னணியாகக் கொண்ட கதை. ‘பராசக்தி’யின் சிவாஜியைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்கள், படம் தொடங்கியதும் அவர் சுடப்பட்டு விழுவதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் பழைய நினைவுகள். அவற்றிலும் அவர் தேசத் துரோகி. ரசிகர்கள் ஏற்கவில்லை. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்து மறுபடி வெளியிட்டபோதுதான் கூட்டம் வந்தது. தமிழில் தைரியமாக எடுத்த படங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இன்று அதை முதல் வரியில் எழுதுகிறார்கள்.

தமிழ் சினிமாவின் வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதல்ல. அதற்குப் பொங்கல், புத்தாண்டு, தீபாவளி என்று மூன்று தவணை. புதுத்துணியும் பட்டாசும் வாங்கியது போக மிச்சமிருக்கும் காசு எந்தத் தியேட்டருக்குப் போகும் என்பதே போட்டி. சில சமயம் சிவாஜிக்கு சிவாஜியே போட்டி. 1967 தீபாவளிக்கு ‘ஊட்டி வரை உறவு’, ‘இரு மலர்கள்’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. 1964 தீபாவளிக்கு வந்தவை ‘நவராத்திரி’யும் ‘முரடன் முத்து’வும். சிவாஜியின் நூறாவது படம் என்ற பெருமை தன் ‘முரடன் முத்து’வுக்கு வேண்டும் என்று பி.ஆர். பந்துலு விரும்பினார். ஒன்பது வேடங்கள் கொண்ட ‘நவராத்திரி’க்கு அது போயிற்று. மனம் கசந்த பந்துலு அடுத்த வருடமே எம்.ஜி.ஆரை வைத்து ‘ஆயிரத்தில் ஒருவன்’ எடுத்துப் பெரிய வெற்றி கண்டார்.

பந்துலுவுக்கு 1964 பொங்கலும் அவ்வளவு இனிக்கவில்லை. எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ வந்த அதே நாளில்தான் அவருடைய ‘கர்ணன்’ வந்தது. தேர்களும் படைகளும் மாளிகைகளுமாக இறைத்த பணத்துக்கு வசூல் ஈடாகவில்லை.

எம்.ஜி.ஆர். விஷயத்தில் ரசிகரின் தீர்ப்பும் கட்சிக்காரரின் தீர்ப்பும் பின்னிக்கொண்டன. தி.மு.க.வை விட்டு வெளியே வந்து தனிக்கட்சி தொடங்கிய பிறகு, 1973 மே மாதம் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வந்தது. சென்னையில் போஸ்டருக்கு வரி ஏறியிருந்ததால் சிறு ஸ்டிக்கர்களாக அச்சடித்து ஒட்டினார்கள். படம் ஓடினால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று தி.மு.க.வின் மதுரை முத்து சவால் விட்டதை அந்த ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தேவி பாரடைஸில் வெள்ளி விழா தாண்டியது படம். மதுரை முத்துவும் பிற்பாடு எம்.ஜி.ஆர். கட்சிக்கே வந்து சேர்ந்தார்.

பத்திரிகைகள் மதிப்பெண் போட ஆரம்பித்தபோது பரீட்சை எழுதிய பிள்ளையைப் போலப் படத்தைப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஆனந்த விகடன் 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்குக் கொடுத்த 62.5 இன்றுவரை ரசிகர்கள் எடுத்துச் சொல்லும் எண். கோவணம் கட்டிய கமலை வைத்து யார் படம் பார்ப்பார்கள் என்று விநியோகஸ்தர்கள் ஒதுங்கிக்கொள்ள, தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தானே வெளியிட்டார். வெள்ளி விழா அவரைத் தேடி வந்தது.

தப்புக் கணக்கு எதிர்த்திசையிலும் நடந்தது. 2002 ஆகஸ்ட் 15இல் ரஜினியின் ‘பாபா’ வெளியானபோது தமிழ்நாட்டில் அதற்குமேல் ஒரு எதிர்பார்ப்பு இருக்க முடியாது. கொடுத்த விலைக்கு ஓடவில்லை. நஷ்டப்பட்ட விநியோகஸ்தர்களுக்கும் தியேட்டர்காரர்களுக்கும் ரஜினி பணம் திருப்பிக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து வந்த ‘சந்திரமுகி’, அண்ணா சாலை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ‘ஹரிதாஸ்’ வைத்திருந்த இடத்தைப் பிடித்தது. ஒரு தியேட்டரில் வருடக் கணக்கில் ஓடுகிற கடைசிப் பெரும் ஓட்டம் ஏறக்குறைய அதுதான்.

அதற்குப் பிறகு பெட்டியே இல்லாமல் போனது. டிஜிட்டல் வந்ததும் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் திறக்கிறது. முதல் மூன்று நாள் வசூலிலேயே போட்ட பணம் திரும்பிவிட வேண்டும். முன்பு தீர்ப்புக்கு நூறு நாள் எடுத்துக்கொண்ட ரசிகர், இப்போது இடைவேளையில் செல்போனை எடுத்து வேலையை முடித்துவிடுகிறார். ஆனால் தியேட்டர் தீர்ப்பு எப்போதும் கடைசித் தீர்ப்பாக இருந்ததில்லை: 2003 பொங்கலுக்கு வந்து வசூலில் சோர்ந்த ‘அன்பே சிவம்’ பிறகு டி.வி.யில் போடப்போடப் புதிது புதிதாக ஆள் சேர்த்துக்கொண்டது.

அதே டிஜிட்டல்தான் பழைய பெட்டிகளையும் திறந்தது. 2012 மார்ச்சில், துலக்கிப் புதுப்பிக்கப்பட்ட ‘கர்ணன்’ மறுபடி தியேட்டருக்கு வந்தது. தாத்தா விசிலடித்த இடத்தில் பேரனும் விசிலடிக்க, நூறு நாளைத் தாண்டி ஓடியது. ‘பாபா’ 2022 டிசம்பரில் திரும்பி வந்தபோது நீளம் குறைக்கப்பட்டிருந்தது, முடிவு மாற்றப்பட்டிருந்தது, சில இடங்களுக்கு ரஜினி புதிதாகக் குரலும் கொடுத்திருந்தார். இருபது வருடத்துக்கு முன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்தவர்களில் சிலர் இந்த முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதிகாலைக் காட்சிக்கே போய் நின்றார்கள்.