பனங்கட்டிக் கேக்கும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து அக்கா தொலைபேசியில் பேசினார். அவருடைய பேர்த்திக்கு மூன்றாவது பிறந்தநாள் வரவிருக்கிறது. குழந்தையின் தாயான என் மருமகள் ஒரு பிடிவாதத்தில் நிற்கிறாளாம்.

"தன்ரை மூண்டாவது பிறந்தநாளுக்கு அம்மம்மா செய்த கேக்கைத்தான் பிள்ளைக்கும் செய்ய வேணும் எண்டு நிக்கிறாள். அம்மா அதை எப்பிடிச் செய்தவ எண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ தம்பி? நீதானே எல்லாத்தையும் எழுதி வைக்கிறனி."

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் துறையில் இருப்பவன் நான். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் எழுதி வைப்பவன் என்று எனக்குப் பெயர். ஆனால் அக்காவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அது ஏன் இல்லாமற் போயிற்று என்பதைச் சொல்வதற்கு முன்னர், எங்கள் வீடுகளுக்குள் கேக் வந்து சேர்ந்த கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தார் சமையலறையைக் குசினி என்பர். அது போர்த்துக்கேயச் சொல். பாண், விசுக்கோத்து, பாண் சுடும் போறணை, நிறுத்தலளவையான றாத்தல் என்பனவும் அம்மொழி வழியாக வந்தவையே. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். நாற்பது ஆண்டுகள்கூட நிறையாத அந்த ஆட்சி எங்கள் குசினியில் விட்டுச் சென்ற சொற்கள் இன்றும் வழங்குகின்றன. ரவை, முந்திரிப்பருப்பு, பூசணித் தோசி, பன்னீர் சேர்த்துச் செய்யப்படும் லவ் கேக்கையும் போர்த்துக்கேயர் வழிவந்ததாகவே பொதுவாகக் கருதுவர். அதில் இடும் தோசியின் பெயரும் அவர்களுடைய சொல்லிலிருந்து வந்ததே. பட்டர் கேக்கும் அதன் பெயரும் ஆங்கிலேயர் கொண்டுவந்தவை.

ஆனால் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் வழக்கம் எங்கள் சைவ வீடுகளுக்குள் இலகுவில் நுழையவில்லை. எங்களுடைய பிறந்தநாள் நட்சத்திரத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. அன்று கோயிலில் அர்ச்சனை, வீட்டிற் பாயசம், அவ்வளவுதான். ஆங்கிலத் திகதியையும் அதற்குரிய கேக்கையும் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் மிசன் பாடசாலைகளிற் படித்துக் கொழும்பில் எழுதுவினைஞர் வேலை பார்த்தவர்கள். 1905 இல் வடபகுதி ரயில் பாதை முழுமை பெற்றபின் அவர்களின் போக்குவரத்து இலகுவாயிற்று. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், கொழும்பிலிருந்து விடுமுறையில் வருவோரின் கையில் ஒரு கேக் பெட்டியும் சேர்ந்து வந்தது.

எங்கள் ஆச்சி முட்டை தொடாதவர். ஆகவே அம்மா குசினிக்குள் கேக் அடிக்க முடியாது. பின் விறாந்தையிலே தனிச் சட்டி, தனி அகப்பை. பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் வந்தால் கேக் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். நட்சத்திரப் பிறந்தநாளுக்கு ஆச்சியின் பாயசம், திகதிப் பிறந்தநாளுக்கு அம்மாவின் கேக் என்று எங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு பிறந்தநாள்கள் இருந்தன. இந்த ஏற்பாட்டினால் நாங்கள் ஒருபோதும் மனவருத்தம் அடைந்ததில்லை.

அம்மாவின் குறிப்புகள் யாவும் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருந்தன. இலங்கையிற் சமையற் குறிப்புகளைப் பரப்பியதில் பத்திரிகைகளுக்குப் பெரும் பங்குண்டு. ஹில்டா டொய்ட்றம் தொகுத்து 1929 இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலச் சமையல் நூல் 'டெய்லி நியூஸ்' பத்திரிகையின் பெயரைத் தாங்கியே வந்தது. 1930 இல் வீரகேசரியும் 1932 இல் தினகரனும் தோன்றியபின் தமிழ்ப் பெண்களுக்கும் வாசிக்கப் பத்திரிகை கிடைத்தது. அம்மாவின் கொப்பியில் மாதர் பகுதிகளிலிருந்து வெட்டியெடுத்த நறுக்குகள் கோதுமை மாப் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. நறுக்கின் ஓரத்தில் அம்மா தன் கையால் திருத்தம் எழுதியிருப்பார். 'சீனி கூட', 'பத்து முட்டை வேண்டாம், ஆறு போதும்' என்ற வகையிலான திருத்தங்கள் அவை. பத்திரிகையின் பிழையைத் திருத்துகின்ற வாசகியை நான் முதன்முதலிற் கண்டது எங்கள் குசினியிலேதான்.

கோதுமை இலங்கையில் விளைவதில்லை. ஆகவே கேக் என்பது எப்போதும் கப்பலை நம்பியிருக்கும் பண்டம். எங்கள் ஊரிற் கோதுமை மாவுக்கு 'அமெரிக்கன் மா' என்று பெயர் வந்ததே அமெரிக்க உதவியாக வந்த மாவினாலேதான். கப்பல் தவறினால் கேக்கும் தவறும். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்திற் பாணுக்கு விடியமுன் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இறக்குமதித் தடையினால் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட எங்கள் விவசாயிகள் செழித்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஆசிரியரான எங்கள் ஐயாவின் சம்பளத்தில் மாவுக்கும் சீனிக்கும் வழியிருக்கவில்லை. 1974 புரட்டாதியில் எனக்கு ஆறு வயது நிறைந்தபோது அம்மா பனங்காய்ப் பணியாரம் சுட்டு, அதனைத் தட்டில் வட்டமாக அடுக்கி, "இதுதான் இந்த வருசத்துக் கேக்" என்றார்.

1977 இல் ஆட்சி மாறிப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1980 இல் திருகோணமலையிற் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. மாஜரீனும் ஐசிங் சீனியும் சங்கக் கடைவரை வந்தன. எங்கள் வீட்டில் 'அவன்' இருக்கவில்லை. கேக் கலவையைத் தகரத் தட்டில் ஊற்றித் துணியால் மூடி, கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த பேக்கரிக்கு நானே கொண்டு செல்வேன். பாண் வெந்து இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். விறகு எரித்துச் சூடேற்றிய போறணையின் முதற் சூடு பாணுக்கு. அது தணிந்தபின் எஞ்சும் மிதமான சூடு கேக்குக்கு. பேக்கரிக்காரர் போறணைக்குள் கையை நீட்டிச் சிறிது நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப வை தம்பி" என்பார். வெப்பமானி எதுவும் அவரிடம் இருந்ததில்லை. அவர் வைத்த கேக் ஒருமுறையேனும் கருகியதாக எனக்கு ஞாபகமில்லை.

1990 ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. ரயில் நின்றது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. அக்காலத்தைக் கண்டவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. காணாதவர்களுக்காகச் சில சொல்கிறேன். மண்ணெண்ணெயை மிச்சப்படுத்த ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் திரி ஏற்றினோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். தேநீரைச் சீனியின்றி, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்தோம். நான் பணியாற்றிய பத்திரிகை, அச்சுத்தாள் இன்றிப் பாடசாலைக் கொப்பிகளுக்குரிய கோடிட்ட தாளில் வெளிவந்தது.

1994 மாசியில் என் மருமகளுக்கு மூன்று வயது நிறைந்தது. மாஜரீன் இல்லை. இருந்த சீனி குழந்தையின் பாலுக்கு. பேக்கரியும் மாவின்றிப் பல நாள் பூட்டிக் கிடந்தது. நிவாரண அட்டைக்குக் கிடைத்த மாவில் அம்மா சிறிது சிறிதாக ஒதுக்கி வைத்திருந்தார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. வீட்டுக் கோழியின் முட்டை, முற்றத்துத் தேங்காய், பனங்கட்டி, அப்பச்சோடா என்பவற்றைக் கொண்டு பெரிய அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி அவர் கேக் சுட்டார். கபில நிறத்திற் சற்றே வெடித்த தலையோடு அது வந்தது.

மெழுகுதிரி இல்லை. ஆகவே ஜாம் போத்தல் விளக்கைக் கேக்கின் அருகே வைத்தோம். பிள்ளை ஊதினாள். வீட்டில் எரிந்துகொண்டிருந்த ஒரே விளக்கு அதுதான் என்பது எல்லாம் இருண்டபின்னரே எங்களுக்கு உறைத்தது. நெருப்புப் பெட்டியைத் தேடித் தடவித் திரிந்தபடி எல்லோரும் சிரித்தோம். பிள்ளை இருட்டிலேயே கேக்கிற் கையை வைத்துவிட்டாள்.

அன்று பகல் நான் அலுவலகத்தில் எழுதிய செய்தி இன்றும் என் கோப்பில் இருக்கிறது. மா ஏற்றிய கப்பலொன்றைப் பற்றியது. எத்தனை தொன், எந்தத் துறைமுகம், எந்த அதிகாரி என்ன சொன்னார் என்ற விவரங்கள் எல்லாம் அதில் உண்டு. அந்த மா வீட்டுக்கு வந்தபின் அதை வைத்துப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அது செய்தி என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நகர்ந்த அந்தச் சனத்திரளுள் நாங்களும் இருந்தோம். புறப்படும்போது என் சைக்கிளின் பின்புறத்தில் ஒரு பையைக் கட்டினேன். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அவற்றோடு நான் எழுதிய செய்திகளின் நறுக்குக் கோப்பு. அம்மா அந்தச் சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினார். "இதையும் வை தம்பி."

"பாரம் கூடிப் போச்சம்மா. திரும்பி வரத்தானே போறம்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே சென்று அதனைப் பரணில் வைத்துவிட்டு வந்தார். 1996 சித்திரையின் பின் நாங்கள் திரும்பியபோது வீட்டிற்குக் கூரை இருக்கவில்லை. பரணும் இல்லை. கொப்பி ஏறத்தாழ இருநூறு பக்கம். என் கோப்பு அதைவிடப் பாரமானது. எது வரலாறு, எது வரலாறு அல்ல என்று அந்த ஒரு நிமிடத்தில் நான் முடிவு செய்தேன். 2017 இற் காலமாகும்வரை அம்மா இதைப் பற்றி ஒரு தடவையும் என்னிடம் பேசியதில்லை. அதன் பின்னும் அவர் கேக் செய்தார். ஆனால் பிறகு மாஜரீனும் சீனியும் தாராளமாக வந்துவிட்டதால் பனங்கட்டிக் கேக்கை எவரும் கேட்கவில்லை. நானும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

2022 இல் நாடு முழுவதும் தட்டுப்பாடு வந்தது. பங்குனி மாதக் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. எரிவாயுச் சிலிண்டருக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். கொழும்பு நண்பர்கள் விறகடுப்பு மூட்டுவது எப்படி என்று எங்களிடம் கேட்டார்கள். அந்த நாள்களில் அயலில் உள்ள முதிய பெண்மணி ஒருவர் எங்கள் முற்றத்தில் மணற்சட்டி வைத்து என் மனைவிக்குக் கேக் சுடக் காட்டிக் கொடுத்தார். தடைக்காலத்தில் தன் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்தாராம். அம்மா மட்டும் கண்டுபிடித்த வித்தை என்று நான் எண்ணியிருந்தது, அக்காலத்தில் எத்தனையோ குசினிகளில் நடந்த காரியம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதையும் அன்று நான் குறித்து வைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அக்காவின் அழைப்பின் பின் அந்தப் பெண்மணியிடம் மீண்டும் சென்றேன். அக்காவின் நினைவு, அவருடைய கைப்பக்குவம், என் நாவின் ஞாபகம் ஆகிய மூன்றையும் சேர்த்து மூன்று தடவை சுட்டுப் பார்த்தோம். முதலாவது கல்லாயிற்று. இரண்டாவது நடுவில் வேகவில்லை. மூன்றாவதை உண்டபோது நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன்.

அதன் விவரத்தை இப்போது எழுதி வைக்கிறேன். அளவு பால்பேணிச் சுண்டு. கோதுமை மா 2 சுண்டு எடுத்து இளஞ்சூட்டில் நிறம் மாறாமல் வறுத்து, ஆறவிட்டு, 1 தேக்கரண்டி அப்பச்சோடாவும் சிறிது உப்பும் ஏலக்காய்த் தூளும் சேர்த்து இருமுறை அரிக்கவும். துருவிய பனங்கட்டி ஒன்றரைச் சுண்டை 1 சுண்டு கட்டித் தேங்காய்ப்பாலில் இளஞ்சூட்டிற் கரைத்து, வடித்து, நன்றாக ஆறவிடவும். 4 முட்டையின் வெள்ளையைத் தனியே நுரைக்க அடிக்கவும். மஞ்சட் கருவை மூன்றிலொரு சுண்டு தேங்காயெண்ணெயோடு அடித்து, பனங்கட்டிப் பாலையும் மாவையும் மாறி மாறிச் சேர்க்கவும். 1 மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டு, கடைசியில் வெள்ளைக்கரு நுரையை மெதுவாகக் கலக்கவும். புளி சோடாவோடு சேர்ந்ததும் கலவை பொங்கத் தொடங்கும். ஆகையாற் தாமதிக்கக் கூடாது. பெரிய சட்டியில் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த மணல் பரப்பி, மூன்று கல் வைத்து, மூடி, முன்னரே அரை மணித்தியாலம் சூடேற்றியிருக்க வேண்டும். எண்ணெய் பூசிய தட்டில் கலவையை ஊற்றிக் கல்லின்மேல் வைத்து மூடி, மூடியின்மேற் சிரட்டைத் தணல் போடவும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் ஈர்க்கினாற் குத்திப் பார்க்கவும். ஈர்க்கில் மா ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது.

ரொறன்ரோவில் மணற்சட்டி தேவையில்லை. அவன் இருக்கிறது. பனங்கட்டி அங்குள்ள தமிழ்க் கடைகளிற் கிடைக்கிறதாம். அக்காவுக்கு இதனைக் கையால் எழுதி அனுப்பியிருக்கிறேன். இதனை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் தடைக்காலத்திற் சமைத்த ஒரு தாயோ பேர்த்தியாரோ இருப்பார். அவர் இருக்கும்போதே ஒரு கொப்பியோடு அருகில் அமருங்கள்.

நான் புதிய சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறேன். முதற் பக்கத்தில் இது இருக்கிறது.