வாசலில் கட்டிய வேப்பிலை

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியரின் போர்க் கோட்டைகள் என்ற வகையில் எடுத்துக்கொள்ளப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அதே மாதம், கோட்டையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேல்மலையனூரில் என் தங்கை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் மருத்துவமனையிலிருந்து வருவதற்குள் வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டிவிட வேண்டும் என்றார் எங்கள் ஆயா.

நானும் தங்கையும் திண்ணையில் உட்கார்ந்து கட்டினோம். வைக்கோலை நனைத்துப் பிரியாகத் திரித்தோம். கொழுந்து வேண்டாம், சாயங்காலத்துக்குள் வாடிவிடும், முற்றிய இலையாகப் பார்த்து ஒடி என்றார் ஆயா. ஒவ்வொரு கொத்தையும் தலைகீழாகப் பிடித்து, காம்பை மடக்கிப் பிரியின் இரண்டு புரிகளுக்கு நடுவே செருக வேண்டும். நடுநடுவே மாவிலை வைத்தால் அழகாக இருக்குமே என்று நான் எடுத்து வைத்தபோது ஆயா தடுத்துவிட்டார்.

“மாவில எதுக்குடி? இது இன்னா கல்யாண வூடா? வேப்பிலயப் பாத்தாத்தான் வர்றவங்க வெளியவே நிப்பாங்க. தீட்டு வூடுன்னு தெரியணும் இல்ல?”

குழந்தையை வரவேற்கக் கட்டுகிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆயா சொன்னபடி பார்த்தால் அது தாயைச் சுற்றிப் போட்ட வேலி. ஒரே இலை எப்படி இரண்டுமாக இருக்கிறது என்ற கேள்வி என்னை வகுப்பறைக்குக் கொண்டுபோனது.

புறநானூற்றின் 281ஆம் பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறேன். அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்ட வீரன் வீட்டில் கிடக்கிறான். பெண்கள் இரவமர இலையையும் வேப்பிலையையும் வீட்டில் செருகுகிறார்கள், ஐயவி என்னும் வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், மணியடிக்கிறார்கள், காஞ்சி பாடுகிறார்கள், நறும்புகை போடுகிறார்கள். எல்லாம் அவனுடைய புண்ணைக் காப்பதற்காக. 296ஆம் பாட்டிலும் வேப்பங்கொத்தை ஒடிப்பதும், நெய் பூசிய கையோடு ஐயவி புகைப்பதும் வருகின்றன.

நற்றிணையின் 40ஆம் பாட்டு பிள்ளை பெற்றவள் வீட்டைக் காட்டுகிறது. அங்கும் மணி ஒலிக்கிறது. இலை வேய்ந்த பந்தலில் மணல் பரப்பியிருக்கிறது. வாசலில் பாணர் காவல் இருக்கிறார்கள். ஈன்றவள் ஐயவி அணிந்து, நெய்யாடிய உடம்போடு கண்மூடிக் கிடக்கிறாள். இரண்டு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இலை, மணி, கடுகு, நெய், காவல் எல்லாம் பெரும்பாலும் ஒன்றேதான். இரத்தம் போன உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெண்களுக்குத் தெரிந்திருந்தது. போர்க்களத்திலிருந்து வந்தவனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் இலக்கியம் இரண்டையும் ஒன்றாக வைக்கவில்லை. வீரனின் புண்ணுக்கு ஒரு துறையே இருக்கிறது. தொல்காப்பியம் அதைத் தொடாக் காஞ்சி என்கிறது: புண்பட்டவனைப் பேய் தொடாமல் மனைவி காப்பது. ஈன்றவளின் புண்ணுக்கு அப்படி ஒரு துறை இல்லை. நற்றிணைப் பாட்டில்கூட அவள் தன் வாயால் பேசுவதில்லை. பரத்தையின் பேச்சில்தான் வருகிறாள். நள்ளிரவில் கள்வனைப் போல வந்த கணவனைப் பற்றிய பேச்சு அது. பிறந்ததும் மகன்தான். மகள் பிறந்த வீட்டின் பந்தலை அந்தப் பாட்டில் தேடிப் பயனில்லை.

‘தொடா’ என்ற சொல்லை இங்கே நிறுத்திப் பார்க்கிறேன். வீரன் வீட்டில் கெட்டது வெளியே இருக்கிறது, உள்ளே இருப்பவனை அது தொடக் கூடாது. ‘தீட்டு’ என்ற சொல்லும் தீண்டுதலோடு, தொடுதலோடு உறவுடையதுதான். ஆனால் அங்கே திசை மாறிவிடுகிறது. கெட்டது உள்ளே, தாயின் உடம்பில் இருக்கிறது, வெளியே இருப்பவர்களை அது தொட்டுவிடக் கூடாது. ஒரே வேப்பிலை ஒருவனைக் காக்கிறது, ஒருத்தியை ஒதுக்குகிறது. அவன் சிந்திய இரத்தம் புகழ், அவள் சிந்திய இரத்தம் அழுக்கு.

உண்மையில் ஆபத்து எந்தத் திசையில் வந்தது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் விடை இருக்கிறது. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் பிரசவக் காய்ச்சலால் தாய்மார் சாவதைக் கவனித்தார். பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு வந்த மருத்துவர்களின் கைகளே நோயைக் கொண்டுவந்தன என்று கண்டு, குளோரின் கரைசலில் கைகழுவ வைத்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. படித்த ஆண்களின் கைகளே காரணம் என்பதை உடன் பணியாற்றிய பலரால் அப்போது ஏற்க முடியவில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களால்தான் தாய்க்கு ஆபத்து என்றது அவருடைய கண்டுபிடிப்பு. புறநானூற்றுப் பெண்கள் வீரனின் புண்ணை வைத்துப் பேய் என்று சொன்னதும் அந்தத் திசையில்தான்.

எங்கள் பக்கம் பிள்ளை எடுக்கவும் வாசலில் வேப்பிலை செருகவும் வந்தவர் மருத்துவச்சி. பல ஊர்களில் அவர் முடிதிருத்தும் சமூகத்துப் பெண். ஆயா பெற்ற ஆறு பிள்ளைகளையும் ஒரே மருத்துவச்சிதான் எடுத்தாராம். அறைக்குள் வந்து ஆயாவின் உடம்பைத் தொட்ட அந்தக் கைகளுக்கு, மற்ற நாளில் எங்கள் வீட்டுப் படி தாண்ட உரிமையில்லை. கூலி நெல்லாகவும் பழைய புடவையாகவும் திண்ணைக்கு வெளியே போனது. தாயின் தீட்டு சில நாளில் கழிந்துவிடும். அதைத் துடைத்தவருக்குச் சாகும்வரை கழியவில்லை. தாயை ஒதுக்கியதை எழுதும்போது, அந்த மருத்துவச்சியை ஒதுக்கியவர்களில் எங்கள் வீட்டுப் பெண்களும் உண்டு என்பதையும் நான் எழுதியாக வேண்டும்.

சென்னையில் அரசு பிரசவ மருத்துவமனை 1844இல் தொடங்கியது. பின்னால் எழும்பூருக்கு மாறியது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. இத்தனை உயிர்களைக் காத்த மாற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மருத்துவச்சியின் வேலை முடிந்துபோனது. தீட்டு மட்டும் முடியவில்லை. மருத்துவமனையில் எல்லோர் கையும் பட்டுத் திரும்பும் பெண், வீட்டுக்கு வந்ததும் தீட்டுக்காரி ஆகிறாள்.

அன்று மத்தியானம் தோரணத்தை ஏற்றிக் கட்டினோம். அதற்குக் கீழே திண்ணையில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தேன். வருகிறவர்கள் கைகழுவிவிட்டு உள்ளே வரட்டும் என்று சொன்னேன். புறநானூற்றுக் கதையை ஆயாவுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, “சண்டைக்குப் போனவனுக்கு அப்பறம் தீட்டு கழிச்சாங்களா?” என்றார். அப்படி எதுவும் பாட்டில் இல்லை என்றேன். ஆயா ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. மகள் குழந்தையோடு இறங்கினாள். தங்கை ஆலம் சுற்றிக் கொட்டினாள். எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பின்கட்டில் ஒரு சின்ன அறை உண்டு. நானும் பிள்ளை பெற்று அங்கேதான் படுத்தேன். ஜன்னல் கிடையாது. மகள் பழக்கத்தில் அந்தப் பக்கமே நடந்தாள்.

“அங்க எங்கடி போற?” என்றார் ஆயா. “புள்ளைக்கு வேர்க்கும். ஃபேன் கூடத்துலதான கீது. கட்டில இங்க போடச் சொல்லு.”

தங்கையும் நானும் கட்டிலை இழுத்துக் கூடத்தில் போட்டோம்.