பெட்டியோடு வந்த கடவுச்சொல்

வீட்டுக் கேமரா வாங்குகிறவர் யாரும் அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்காக வாங்குவதில்லை. வைஃபை பெயர், கடவுச்சொல், ஐபி முகவரி, போர்ட் எண், பயனர் பெயர் என்று நாலைந்து கட்டங்கள். நிரப்பிவிட்டுப் படம் தெரிந்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் நாம் தொடுவதற்கு முன்பே யாரோ ஒரு மதிப்பை எழுதி வைத்திருக்கிறார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தக் கேமராக்களால் நேர்ந்த கேடுகளைப் பின்தொடர்ந்து போனால், பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் வீட்டுக்காரரின் கவனக்குறைவு அல்ல. பெட்டியோடு வந்த அந்த முன்னமைப்புதான். பழி மட்டும் நெடுங்காலம் வீட்டுக்காரர் மேலேயே விழுந்தது. தமிழர்கள் நிறைந்து வாழும் நியூ ஜெர்சி, டெக்சஸ், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி ஆகிய மூன்று இடங்களுக்கும் இந்த வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு.

டிஜிட்டல் கேமராவின் கண் திறந்தது நியூ ஜெர்சியில். முர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் 1969இல் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வகுத்த சிசிடி சில்லுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. கம்பியில்லா வழி 1985இல் திறந்தது: மைக்ரோவேவ் அடுப்புகள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் இல்லாமலே தகவல் அனுப்பலாம் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அனுமதித்தது. அந்த அலைவரிசையில் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று சோதித்துச் சான்று தருவதற்கு 1999இல் உருவான கூட்டமைப்புதான், இன்று டெக்சஸின் ஆஸ்டினில் தலைமையகம் கொண்டிருக்கும் வைஃபை அலையன்ஸ். இதற்கிடையே 1996இல் ஸ்வீடனின் ஆக்ஸிஸ் நிறுவனம் கணினி இல்லாமலே வலையில் நேரடியாக இணையும் முதல் கேமராவை விற்கத் தொடங்கியது. இன்றும் விலை குறைந்த கேமராக்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும்போது கேமராவை இணைக்க முடியாமல் மாலைப் பொழுது முழுவதையும் தொலைக்கும் வீடுகளில் எல்லாம் அந்த 1985 முடிவின் நீட்சி இருக்கிறது.

கேமரா வீட்டுக்குள் வந்தபோது இணையத்தின் கட்டமைப்பே அதற்கு எதிராக நின்றது. நானூற்று முப்பது கோடிக்குள் அடங்கிய பழைய ஐபி முகவரிகள் போதாமல் போகும் என்று தெரிந்து, ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கருவிகளை வைக்கும் முறை 1994இல் முன்வைக்கப்பட்டது. வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதைத்தான் செய்கின்றன. உள்ளிருந்து வெளியே போவது இதில் எளிது. வெளியிலிருந்து வருகிறவருக்கோ உள்ளே எந்தக் கருவியிடம் போக வேண்டும் என்று ரவுட்டர் சொல்லாது. எனவே 2000களின் தொடக்கத்தில் அலுவலகத்திலிருந்து வீட்டைப் பார்க்க விரும்பியவர் கேமராவுக்கு மாறாத முகவரி ஒன்றைக் கொடுக்க வேண்டும். ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து அதை அந்த முகவரிக்குத் திருப்ப வேண்டும். வழக்கமான 80ஆம் போர்ட்டை இணைய நிறுவனம் அடைத்திருந்தால் 8080க்கு மாற்ற வேண்டும். வீட்டின் பொது முகவரி அடிக்கடி மாறும் என்பதால் அதைத் துரத்திப் பிடிக்கும் பெயர்ச் சேவை ஒன்றிலும் பதிய வேண்டும். ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு நெட்வொர்க் நிர்வாகி செய்யும் வேலை இது. கேமரா வாங்கிய குற்றத்துக்காக அது சாதாரணக் குடும்பத்தின் தலையில் ஏறியது.

இந்தச் சிரமத்தைத் தவிர்க்க வந்த யுபிஎன்பி வசதி இன்னும் ஆபத்தானது. கேமராவே ரவுட்டரிடம் கேட்டுப் போர்ட்டைத் திறந்துகொள்ளும். வீட்டுக்காரருக்கு அறிவிப்பு எதுவும் வராது. தன் கேமரா உலகத்துக்குத் திறந்திருக்கிறது என்பதே தெரியாத ஒருவர் அதற்குப் பூட்டுப் போட்டாரா என்று கேட்பதில் பொருளில்லை. 2005 தொடக்கத்திலேயே கூகுளில் ஒரு குறிப்பிட்ட சொற்றொடரைத் தேடினால் முன்பின் அறியாதவர்களின் கேமராக் காட்சிகள் வரிசையாக வந்து நின்றன. 2014 நவம்பரில் ஓர் இணையதளம் உலகம் முழுவதிலுமிருந்து சுமார் 73,000 கேமராக்களின் நேரடிக் காட்சியைத் தொகுத்துக் காட்டியது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாதவர்களின் கேமராக்கள் இவை என்று அது விளக்கமும் கொடுத்தது.

இங்கேதான் வலுவான எதிர்வாதம் எழுகிறது. மாற்றச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருந்தது, மாற்றாதது யார் தவறு என்பார்கள். பாதி உண்மை இது. ஆனால் மாற்றியவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். டிரெண்ட்நெட் என்ற கலிஃபோர்னிய நிறுவனத்தின் கேமராக்களில் உரிமையாளர் கடவுச்சொல் வைத்து, காட்சியைத் தனக்கு மட்டும் என்று அமைத்திருந்தாலும், மென்பொருள் பிழையால் முகவரி தெரிந்த எவரும் உள்ளே நுழைய முடிந்தது. 2012 ஜனவரியில் ஏறக்குறைய 700 கேமராக்களின் இணைப்புகள் பொதுவெளியில் கொட்டப்பட்டன. தூங்கும் குழந்தைகளும் விளையாடும் பிள்ளைகளும் அந்தக் காட்சிகளில் இருந்தார்கள். 2013 செப்டம்பரில் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது எடுத்த நடவடிக்கைதான் இணையத்தில் இணைந்த வீட்டுக் கருவிகள் தொடர்பாக அது எடுத்த முதல் நடவடிக்கை. அதே ஆண்டு ஆகஸ்டில் டெக்சஸின் ஹூஸ்டனில் ஒரு குடும்பம், இரண்டு வயது மகளின் அறைக் கேமராவிலிருந்து யாரோ ஒரு அந்நியன் வசைபாடும் குரலைக் கேட்டது. ரவுட்டருக்கும் கேமராவுக்கும் கடவுச்சொல் வைத்திருந்ததாகத் தந்தை சொன்னார். அவர் வாங்கிய வகைக் கேமராக்களின் மென்பொருளில் ஓட்டைகள் இருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சில மாதங்களுக்கு முன்பே விளக்கியிருந்தார்கள். இவரிடம் கையேட்டைக் காட்டி என்ன பயன்?

இந்தக் கையேட்டு வாதத்தை முற்றாக உடைத்தது 2016. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக வலைப்பின்னல் 2014 இறுதியிலிருந்து மீண்டும் மீண்டும் தாக்கி முடக்கப்பட்டது. மாணவர்கள் பாடப் பக்கங்களுக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். பின்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் அங்கேயே கணினியியல் படித்த மாணவர். வேறு இரு இளைஞர்களோடு சேர்ந்து அவர் எழுதிய நிரல்தான் மிராய். அது செய்த வேலையில் மந்திரம் எதுவும் இல்லை. இணையத்தில் திறந்திருக்கும் டெல்நெட் என்ற தொலைநுழைவு வாசல்களைத் தேடிப் போய், தன்னிடம் இருந்த 60 சொச்சம் தொழிற்சாலைப் பயனர் பெயர்–கடவுச்சொல் ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். திறந்தால் அந்தக் கேமராவோ ரவுட்டரோ அதன் படையில் சேர்ந்துவிடும். உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள் அந்தப் படையில் இருந்தன. 2016 செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற செய்தியாளரின் தளத்தின் மீது வினாடிக்கு 620 கிகாபிட் வேகத்தில் அது பாய்ந்தது. நிரலை அவர்கள் பொதுவெளியில் விட்டபின், அக்டோபர் 21 அன்று, இணையதளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் பெயர்ச் சேவையை மிராய்ப் படை தாக்கியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் தடுமாறின.

அந்த ஜோடிகளில் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம்: பயனர் பெயர் ‘ரூட்’, கடவுச்சொல் ‘எக்ஸ்சி3511’. சீனாவின் ஹாங்சோவில் உள்ள சியோங்மாய் நிறுவனம் செய்த பலகைகளில் இது பதிந்திருந்தது. அந்தப் பலகைகளை வாங்கிப் பல நிறுவனங்கள் தத்தம் பெயரில் கேமராவும் ரெக்கார்டரும் விற்றன. வீட்டுக்காரர் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய்க் கடவுச்சொல்லை ஒழுங்காக மாற்றியிருக்கலாம். மாறியது அந்தப் பக்கத்தின் கடவுச்சொல் மட்டுமே. அடியில் இருந்த டெல்நெட் வாசலுக்கு ‘எக்ஸ்சி3511’ அப்படியே பொருந்தியது. அதை மாற்றுவதற்கு ஒரு கட்டமே அந்தப் பக்கத்தில் இல்லை! எத்தனை எச்சரிக்கையான மனிதராலும் காக்க முடியாத கேமரா அது. அமெரிக்காவில் விற்ற சில மாதிரிகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனமே அறிவிக்க வேண்டி வந்தது.

வளைகுடாப் பகுதி இதற்குத் தந்த விடை வேறு. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2009இல் தொடங்கிய டிராப்கேம், கேமராவை வெளியிலிருந்து தேடி வர வேண்டாம், அதுவே உள்ளிருந்து நிறுவனத்தின் சர்வரை அழைக்கட்டும் என்று தீர்மானித்தது. போர்ட் திறக்கும் தேவையே போயிற்று. பாலோ ஆல்டோவின் நெஸ்ட் 2014இல் 55.5 கோடி டாலருக்கு அதை வாங்கியது. இந்த வழி தொழில்நுட்பமாகச் சிறந்தது என்பதில் ஐயமில்லை; ஆனால் பிரச்சினை அதோடு தீர்ந்தது என்பதை ஏற்க முடியாது. சாவி வீட்டிலிருந்து நிறுவனத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ரிங் நிறுவன ஊழியர் ஒருவர் பெண் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான காட்சிகளைப் பார்த்தார் என்று வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2023இல் 58 லட்சம் டாலருக்கு உடன்பாடு கண்டது. சான் மட்டேயோவின் வெர்காடா நிறுவனத்தில் 2021 மார்ச்சில் ஊடுருவியவர்களுக்கு மருத்துவமனைகள், பள்ளிகள் உட்பட சுமார் 1,50,000 கேமராக்கள் ஒரே வீச்சில் திறந்தன. பழைய முறையில் ஒருவருடைய தவறு ஒரு வீட்டோடு போயிருக்கும்.

சட்டம் கடைசியில்தான் வந்தது. கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2018 செப்டம்பரில் கையெழுத்திட்ட எஸ்பி-327, 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெளியிலிருந்து கடவுச்சொல்லோடு அணுகக்கூடிய கருவி என்றால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும். அல்லது முதல்முறை திறக்கும்போதே புதியதை வைக்கும்படி அது கட்டாயப்படுத்த வேண்டும். பாதிக்கப்பட்டவர் இந்தச் சட்டத்தின் கீழ் தாமே வழக்குப் போட முடியாது, அரசு வழக்கறிஞர்களே போட வேண்டும் என்ற குறை நியாயமானது. கடவுச்சொல்லைப் பற்றி மட்டும் பேசி, மற்ற ஓட்டைகளை ‘நியாயமான பாதுகாப்பு’ என்ற பொதுச்சொல்லுக்குள் விட்டுவிட்டது என்ற குறையும் அப்படியே. ஆனாலும் முன்னமைப்பு என்பது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று எழுத்தில் சொன்ன முதல் மாநிலச் சட்டம் அது. ஒரு மாநிலத்துக்கென்று தனிக் கேமரா செய்வது எந்த நிறுவனத்துக்கும் கட்டுபடியாகாது என்பதால் அதன் பலன் எல்லை தாண்டும். பொதுக் கடவுச்சொல்லோடு விற்பதைப் பிரிட்டனும் 2024 ஏப்ரலிலிருந்து தடை செய்துவிட்டது.

சட்டத்துக்கு முன்பு விற்ற கேமராக்கள் இன்னும் சுவர்களில் இருக்கின்றன. எடிசனிலும் ஃப்ரீமாண்டிலும் பிளேனோவிலும் இருந்தபடி ஊரில் பெற்றோர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பலரின் கேமராக்களும் அந்த வயதுடையவையாக இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தக் கேமராவின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா என்று பாருங்கள். ரவுட்டரில் யுபிஎன்பியை அணைத்துவிட்டு, கேமராவை விருந்தினர் வைஃபைக்கு மாற்றுங்கள். புதுப்பிப்பு நின்றுபோன கேமரா என்றால் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், கழற்றிவிடுங்கள்.