வயிற்று அமில மாத்திரை: எப்போது, எத்தனை நாள்?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்பாளனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல் ஆகியவை வயிற்று அமிலத்தைக் குறைக்கும் நல்ல மருந்துகள். ஆனால் மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுத்ததைப் பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் பெருகிவிட்டது.

சாப்பிடும் முறை

இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகள் உள்ளன. உணவு உள்ளே போகும்போது அவை இயங்குகின்றன. அதற்குள் மருந்து இரத்தத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் போடச் சொல்கிறார்கள். முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகலாம். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. அதன் மேல்பூச்சு போனால் வயிற்று அமிலமே மருந்தை அழித்துவிடும்.

நோன்பு காலத்தில்

தினமும் ஒரு வேளை சாப்பிடுபவர் ஸஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன் போடலாம். அல்லது பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்து, மாத்திரை போட்டு, மஃரிப் தொழுத பிறகு அரை மணி நேரம் கழித்து உணவருந்தலாம். எந்த நேரம் பொருத்தம் என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றுப் புண் முற்றி, நோன்பு ஆபத்து என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை இருக்கிறது (அல்குர்ஆன் 2:184, 185). அதை ஏற்பது ஈமானின் குறைவு அல்ல.

நீண்ட காலம் சாப்பிட்டால்

உணவிலுள்ள பி12, இரும்பு, மெக்னீசியம் ஆகியவை உடலில் சேர்வது குறையலாம். எலும்பு முறிவும் குடல் தொற்றும் ஏற்படும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. திடீரென நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து, மாத்திரை இல்லாமல் முடியாது என்ற எண்ணத்தைத் தரும். மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைப்பதே சரி.

ஆனால் ஆஸ்பிரின் அல்லது மூட்டுவலி மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு, வயிற்றில் இரத்தக் கசிவு வராமலிருக்க இதைத் தொடர்ந்து கொடுப்பதுண்டு. அவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

மற்ற மருந்துகளோடு

இதய நோயாளிகளுக்குத் தரும் குளோபிடோக்ரெலின் பலனை ஒமிப்ரசோல் குறைக்கும். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரானிடிடின் மாத்திரையில் புற்றுநோய் அபாயமுள்ள மாசு கண்டறியப்பட்டதால் 2020-ல் அமெரிக்கா அதைத் திரும்பப் பெறச் சொன்னது. 2022-ல் இந்தியாவும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் மாற்று கேளுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

கருப்பாக மலம் போதல், இரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றுக்கு மாத்திரையே பதில் என்று இருந்துவிடாதீர்கள். நெஞ்சு அழுத்தம் தோள், கை, தாடை என்று பரவினாலோ, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தாலோ அது "கேஸ்" என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

வயிறு நிரம்ப உண்ணாமல், மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலும், உண்டவுடன் படுக்காதிருப்பதும் பலருக்கு மாத்திரையின் தேவையைக் குறைக்கும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது "இது எதற்கு, எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணும் அறிவை அவன் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.