ஸ்க்ரைப்

பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதித் தருபவருக்குக் கல்லூரி வட்டாரத்தில் ‘ஸ்க்ரைப்’ என்றுதான் பெயர். ‘சொல்வதை எழுதுபவர்’ என்ற தமிழ் வழக்கும் உண்டு. பொருத்தமானது, வாயில்தான் நிற்கவில்லை. இலத்தீனில் ‘ஸ்க்ரீபா’ என்றால் எழுத்தர். அதன் வினையடிக்குக் கீறுதல் என்பதே ஆதிப்பொருள் என்பர். ஓலையில் எழுத்தாணி பிடித்த நமக்கு இது புதிதல்ல.

ரோமில் ஸ்க்ரீபா படித்தவர், அரசு ஊழியர். தேர்வறையில் நிலைமை வேறு. மாணவர் தாமே அழைத்துவரும் ஸ்க்ரைப் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை. விடை யாருடையது என்ற சந்தேகம் எழக்கூடாதாம். நியாயம்தான். ஆனால் கணக்குத் தாளில், “எக்ஸுக்கு மேலே சின்னதா ரெண்டு போடுங்க, பக்கத்துல இல்லைங்க, மேலே” என்று விளக்குவதிலேயே, மணிக்கு 20 நிமிடம் வீதம் கிடைக்கும் கூடுதல் நேரம் கரைந்துவிடும்.

2021இல் விகாஷ் குமார் வழக்கில், 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாடு என்பதற்காக ஸ்க்ரைப் மறுக்கக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். வழக்குத் தொடுத்தவருக்குக் கண்ணில் குறையில்லை. பேனா பிடித்து எழுதினால் கை இழுத்துக்கொள்ளும்.