பாரி மகள்கள் என்ன ஆனாங்க?

திருக்கோவிலூருக்கு எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கே இல்லை. கள்ளக்குறிச்சிக்காரனுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. கல்வராயன் மலையை முதுகுக்குப் பின்னால் விட்டுட்டு தியாகதுருகம் வழியா போனா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனப்போ திருக்கோவிலூர் எங்க பக்கம் வந்துடுச்சு. தென்பெண்ணைக்கு அந்தக் கரையில் இருக்கும் அரகண்டநல்லூர் விழுப்புரத்தோடவே நின்னுடுச்சு.

இந்த தடவை ஏழாவது படிக்கும் என் பொண்ணையும் கூட்டிட்டுப் போனேன். முதலில் உலகளந்த பெருமாள். ஒரு காலை மேலே தூக்கி நிற்கும் அந்த உருவத்தை அண்ணாந்து பார்த்தே அவளுக்குக் கழுத்து வலி வந்துடுச்சு :-) மழை ராத்திரியில் ஒரு இடைகழியில் முதலாழ்வார்கள் மூணு பேரும் நெருக்கியடிச்சு நின்ன கதையைச் சொன்னேன். அப்புறம் கீழையூர் வீரட்டானேஸ்வரர். சிவன் அந்தகாசுரனை அழித்த இடம், எட்டு வீரட்டானத்தில் ஒண்ணு. 1896-ல் வேங்கடராமன் என்ற பையன் திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் அரகண்டநல்லூர் கோயிலுக்கும் இங்கேயும் வந்துட்டுத்தான் போனான். பின்னாளில் அவர்தான் ரமணர்.

பெரும்பாலானவங்க இதோட வண்டியைத் திருப்பிடுவாங்க. நான் ஆத்துப் பக்கம் நடந்தேன். ஆத்துக்குள்ளே ஒரு பாறை, அதன் உச்சியில் சின்னதாக ஒரு கோயில். கபிலர் குன்று. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டாங்களே, அந்த வெள்ளத்தையும் பார்த்துட்டு அப்படியே நிற்கிறது.

கதையைச் சொன்னேன். பறம்பு மலை பாரியை மூவேந்தரும் சேர்ந்து முற்றுகை போட்டாங்க. பாரி செத்துப் போனான். அவன் நண்பர் கபிலர், ரெண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பறம்பு என்பது இன்றைய பிரான்மலை. அங்கேயிருந்து திருக்கோவிலூர் 200 கிலோமீட்டருக்கு மேல். கடைசியில் இந்தப் பாறையில் கபிலர் உயிரை விட்டார்.

பொண்ணு கேட்டா: "சரிப்பா, அந்தப் பொண்ணுங்க என்ன ஆனாங்க?"

பட்டுன்னு பதில் வரலை. வீட்டுக்கு வந்து புறநானூற்றை எடுத்தேன். விச்சிக்கோன்கிட்டயும் இருங்கோவேள்கிட்டயும் போய் 'இந்தப் பெண்களைக் கட்டிக்கோ' என்று கபிலர் கேட்ட பாடல்கள் இருக்கு. ரெண்டு பேருமே ஏத்துக்கலை. பெண்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு கபிலர் வடக்கிருந்தார் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. வடக்கிருத்தல் என்றால் பட்டினி கிடந்து உயிர் விடுவது.

வீரட்டானேஸ்வரர் கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு வேற மாதிரி சொல்லுது. பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துட்டு கபிலர் தீயில் இறங்கினாராம். இது நடந்து பல நூற்றாண்டு கழிச்சு வெட்டினது. மலையமான்கள்தான் இந்த ஊரை ஆண்டவங்க. ராஜராஜனின் அம்மா வானவன் மாதேவி அந்தக் குடும்பத்துப் பெண். பால்குடிப் பிள்ளையை விட்டுட்டு, புருஷன் சுந்தர சோழனோடு அவரும் தீயில் இறங்கினதை அதே கல்வெட்டு பெருமையாகச் சொல்லுது. பாரி வீட்டுச் சம்பந்தமும் தங்களுக்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள மலையமான்களுக்கு ஆசை இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதில் எதிலுமே அந்தப் பெண்களுக்குப் பேர் இல்லை. அங்கவை, சங்கவை என்பதெல்லாம் பிற்காலக் கதைகள் வைத்த பேர். புறநானூற்றில் அவங்க வெறும் பாரி மகளிர்தான். ஆனா அப்பாவையும் மலையையும் இழந்ததைப் பத்தி அஞ்சே வரியில் அவங்க பாடின பாட்டு மட்டும் இன்னும் இருக்கு.

இது ஏன் என்னை இப்படிப் பிடிச்சு உலுக்குதுன்னா... எனக்குப் பத்து வயசில் அப்பா போயிட்டார். ரெண்டு அக்கா. மாமாதான் ஜாதகத்தைக் கையில் வெச்சுக்கிட்டு படி ஏறி இறங்கினார். ரெண்டு இடத்தில் முகத்துக்கு நேராவே முடியாதுன்னாங்க. பெரியக்காவுக்கு அமைஞ்ச அன்னைக்கு, எங்க எல்லாரையும் பஸ்ஸில் இங்கேதான் கூட்டிட்டு வந்தார். பெருமாளைக் கும்பிட்டுட்டு இந்தக் கரையில் ரொம்ப நேரம் பேசாம உட்கார்ந்திருந்தார். மாமா பேரை இன்னைக்கும் ஊரில் சொல்றாங்க. ரெண்டு வீடும் முடியாதுன்னப்போ உங்களுக்கு எப்படி இருந்ததுன்னு அக்காக்களை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

அடுத்த தடவை அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகணும். நீங்க போனீங்கன்னா, பெருமாளைப் பார்த்ததும் திரும்பிடாதீங்க. ஆத்து வரைக்கும் ஒரு நடை நடந்து பாருங்க.