சக்திமான்: ஒரு மறுஒளிபரப்பும் சில கேள்விகளும்

2020 ஏப்ரல் 7, பங்குனிப் பௌர்ணமி இரவு. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஆள் நடமாட்டம் இல்லை. ஊரடங்கு. தேரடி வீதியில் நாய்கள் மட்டும் திரிந்தன. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு, ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றச் சொன்னார் பிரதமர். தீபத்துக்கென்றே பேர்போன ஊரில் தீபம் ஏற்ற தில்லியிலிருந்து உத்தரவு வந்ததைத் திண்ணையில் உட்கார்ந்து பேச ஆள் இல்லாமல் போயிற்று. அந்த நாட்களில்தான் தூர்தர்ஷனில் சக்திமான் திரும்பி வந்தான். தினமும் மதியம் ஒரு மணிக்கு.

நான் அவனுடைய பழைய ரசிகன். இதை இப்படிப்பட்ட பத்திரிகையில் ஒப்புக்கொள்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1997 செப்டம்பர் 13-ஆம் தேதி தொடர் ஆரம்பித்தபோது எனக்கு எட்டு வயது. 2005 மார்ச்சில் முடிந்தபோது மீசை அரும்பியிருந்தது. எங்கள் தெருவில் அப்போது இரண்டு வகை வீடுகள் இருந்தன: கேபிள் இழுத்த வீடு, ஆன்டெனா வீடு. 1993-இல் சன் டிவி வந்தபிறகு தமிழ் கேபிளுக்குள் போய்விட்டது. மாதக் காசு கட்ட முடியாத வீடுகளுக்கு மிஞ்சியது மாநிலத் தூர்தர்ஷனும், தேசிய ஒளிபரப்பின் இந்தியும்தான். ஆக, தமிழ்நாட்டில் சக்திமான் ரசிகர்கள் என்று ஒரு கூட்டம் இருந்ததென்றால் அதில் பெரும்பகுதி காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் என்றே நினைக்கிறேன். கலைஞர் ஆட்சியில் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது 2006-இல். அப்போது சக்திமான் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. அறுபத்தைந்து போராட்டத்தில் அடி வாங்கிய தாத்தா, கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே, "அந்த இந்திப் பொட்டிய அணைங்கடா" என்பார். நாங்கள் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுப் பார்ப்போம். குறைத்தாலும் நஷ்டமில்லை. மூக்குக்கண்ணாடியும் தூக்கிய பல்லுமாக ஒருத்தன் பத்திரிகை ஆபீசில் போட்டோ எடுக்கிறான், ஆபத்து வந்தால் சுழன்று சுழன்று வேறு ஆளாகி வருகிறான், இருட்டில் முகம் கறுத்த ஒருத்தன் கத்துகிறான். போதாதா? ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றிச் சுற்றி மயங்கி விழுந்த இடமெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் அவன் குழந்தைகளுக்கு என்னமோ புத்தி சொல்வான். எங்களுக்கு அது தண்ணி குடிக்கப் போகிற நேரம்.

பிழைப்புக்காக மூன்று வருஷம் பூனாவில் இருந்ததில் இந்தி கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அந்த இந்தியோடு 2020-இல் அக்கா மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் இவன் இத்தனை நாளும் என்ன பேசிக்கொண்டிருந்தான் என்பது காதில் விழுந்தது. என்னுடைய சக்திமான் அன்றைக்குச் செத்தான். மொழி புரியாமல் நாங்களாகக் கட்டிக்கொண்ட கதையும் அங்கே ஓடிக்கொண்டிருந்த கதையும் வேறு வேறு. புரியாமை எங்களுக்கு ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கிறது.

அந்தக் கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நாயகனின் முழுப்பெயர் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி. நகைச்சுவைக்காக நீட்டிய பெயர்தான், ஆனால் அது போய் நிற்கிற இடம் சாஸ்திரி. தொன்மையான சூரியாம்சி ஞானிகள் இவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குண்டலினியை எழுப்பி, ஏழு சக்கரங்களையும் ஐம்பூதங்களையும் வசப்படுத்தித் தருகிறார்கள். எதிரிப் பக்கத்தில் இருளின் அதிபதி தம்ராஜ் கில்விஷ். அவனுக்கு ஊழியம் செய்கிறவர்களில் முக்கியமானவன் டாக்டர் ஜைக்கால். இவன் விஞ்ஞானி. ஆய்வுக்கூடம், குடுவைகள், பைத்தியச் சிரிப்பு எல்லாம் இவனிடம்தான். ஒரு அறிவியல் புனைகதையில் அறிவியல் முழுக்க இருட்டின் பக்கம், யோகம் முழுக்க வெளிச்சத்தின் பக்கம் என்று பாகம் பிரித்திருக்கிறார்கள். சூப்பர்மேன் தொலைந்துபோன ஒரு கிரகத்தின் அகதி. அவனைப் பார்த்துச் செய்த நம்ம ஊர்ப் பிரதியில் அகதி போய், தேர்ந்தெடுக்கப்பட்ட பரம்பரை வாரிசு வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

சுஜாதாவைப் பாராட்டுவது இந்தப் பக்கங்களில் வழக்கமில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. 'என் இனிய இயந்திரா'வில் சர்வாதிகாரி ஜீவா கடைசியில் வெறும் பிம்பம். கலகக்காரர்களோடு சேர்ந்து யோசிக்கிற ஜீனோ ஒரு இயந்திர நாய். யந்திரத்துக்குச் சந்தேகப்படத் தெரிகிறது. வெகுஜனப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றுக்கு இருந்த அந்தத் துணிச்சல் பத்தாண்டு கழித்து வந்த தேசியத் தொலைக்காட்சியின் அதிமனிதனுக்கு இல்லை. அவன் எதையும் சந்தேகப்படுவதில்லை.

குண்டலினி விஷயம் திருவண்ணாமலைக்காரனுக்கு இன்னும் உறுத்தும். ஐம்பூதத் தலங்களில் எங்களுடையது நெருப்பு. மலையைச் சுற்றி எத்தனை சித்தர் கதைகள்! இடைக்காடர் அடங்கியது இங்கேதான் என்று ஆட்டோக்காரர்கூடச் சொல்வார். தமிழில் குண்டலினி பேசியவர்களில் சிவவாக்கியரைப் போன்றோர் சாதியையும் சாத்திரத்தையும் உடைக்க அதைக் கையில் எடுத்தவர்கள். உடம்புக்குள்ளேயே எல்லாம் இருக்கிறதென்றால் நடுவில் பூசாரி எதற்கு என்பது அதன் தர்க்கம். அதே சொல் சக்திமானில் ஒரு சாஸ்திரியின் தகுதிச் சான்றிதழாக மாறிவிட்டது. கலகத்தின் சொல்லாடல் எப்படி ஒழுக்கத்தின் சொல்லாடலாக உருட்டப்படுகிறது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது.

தொண்ணூறுகளின் இறுதியில் பெரிய சர்ச்சை ஒன்று கிளம்பியது. சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிக் குழந்தைகள் மாடியிலிருந்து குதித்ததாகவும் தீ வைத்துக்கொண்டதாகவும் பத்திரிகைகள் எழுதின. நாயகனாக நடித்துத் தயாரித்த முகேஷ் கன்னா அதை மறுத்தார். அப்படியெல்லாம் செய்யக்கூடாது என்று திரையிலேயே எச்சரிக்கையும் வந்தது. மற்ற ஊர்களில் இது தொலைக்காட்சியின் தீமை என்ற தலைப்பில் முடிந்துபோயிருக்கும். எங்கள் ஊரில் முடியாது. கோயிலுக்குள் வல்லாள கோபுரம் இருக்கிறது. வாழ்க்கை வெறுத்து அதன் உச்சியிலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகன் கையில் ஏந்திக்கொண்டான் என்பதைப் பாட்டி மடியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். குதித்தால் தாங்குவார்கள் என்ற நம்பிக்கையைத் தொலைக்காட்சி புதிதாக விதைக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அருணகிரியார் சாகவே குதித்தார், தாங்கப்பட்டது அவர் எதிர்பாராதது. அந்தக் குழந்தைகளோ தாங்கப்படுவதற்காகவே குதித்தார்கள் என்றால், அற்புதம் ஒரு சேவையாக, வாராவாரம் நேரப்படி வந்துசேர்கிற ஒன்றாக மாறியிருந்தது என்றுதானே அர்த்தம்?

இனி மறுஒளிபரப்பின் அரசியல். 2020 மார்ச் 28 முதல் ராமானந்த் சாகரின் 'ராமாயண'த்தைத் தூர்தர்ஷன் மறுபடி போட்டது. 1987-88-இல் அந்தத் தொடர் இந்துத்துவ அரசியலுக்கு எப்படிக் களம் அமைத்தது என்பதை அர்விந்த் ராஜகோபால் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். ஏப்ரல் 16-ஆம் தேதி ஒளிபரப்பை மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் பெருமைப்பட்டுக்கொண்டது. 'மகாபாரத'மும் டி.டி. பாரதியில் திரும்ப வந்தது. அதில் பீஷ்மராக வந்தவர்தான் முகேஷ் கன்னா. துரோணராக வந்த சுரேந்திர பால்தான் கில்விஷ். ஆக, ஒரே மாதத்தில் ஒரே முகங்கள், புராணத்திலும் 'விஞ்ஞான'த்திலும். முன்பு பத்து வருஷ இடைவெளியில் வந்தவை ஒரே சாப்பாட்டு இலையில் பரிமாறப்பட்டபோதுதான் சக்திமான் எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பது கண்கூடாகத் தெரிந்தது. 'பழைய நினைவு' என்ற பெயரில் அரசு ஊட்டியது என்ன என்ற கேள்வியை நாம் அப்போது போதுமான அளவு கேட்கவில்லை. பயந்து வீட்டுக்குள் கிடந்தோம். நினைவு சுகமாக இருந்தது. நானும்தான் தினம் ஒரு மணிக்கு உட்கார்ந்தேன்.

அக்கா மகனுக்கு அப்போது எட்டு வயது. நான் ஆரம்பித்த அதே வயது. முதல் நாளே, "மாமா, பின்னாடி ஒட்டுனது தெரியுது" என்றான். பறக்கிற காட்சிகளில் வானமும் ஆளும் தனித்தனியாக நிற்பது எனக்கு எட்டு வயதில் தெரியவே இல்லை. அவனுக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அந்த நாட்களில் செல்போனில் ஓயாமல் வந்தது, மூட்டையும் பிள்ளையுமாக நெடுஞ்சாலையில் நடந்துபோன வடமாநிலத் தொழிலாளர்களின் படம். அதைப் பார்த்துவிட்டு, "இவங்கள இவன் தூக்கினு போலாமே?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. சக்திமான் அப்போது தண்ணீரை வீணாக்கக்கூடாது என்றோ பெரியவர்களை மதிக்க வேண்டும் என்றோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

கிரிவலத்துக்கான தடை ஏறக்குறைய இரண்டு வருஷம் நீடித்து 2022-இல் விலகியது. அதே ஆண்டு பிப்ரவரியில் சக்திமான் திரைப்படமாக வரும் என்று அறிவிப்பு வந்தது. யார் நடிப்பது என்ற சச்சரவிலேயே காலம் போயிற்று. 2024 நவம்பரில் முகேஷ் கன்னாவே, அறுபது வயது கடந்த நிலையில், அதே சிவப்பு உடையை மாட்டிக்கொண்டு, சுதந்திரப் போராட்டத் தியாகிகளைப் பற்றிப் பாடியபடி ஒரு முன்னோட்டத்தில் தோன்றினார். எனக்கு வருத்தமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது. உடனே அதை அக்கா மகனுக்கு அனுப்பினேன், ஏன் அனுப்பினேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அவன் இப்போது எட்டாவது படிக்கிறான். ராத்திரி பதில் வந்தது: "அன்னைக்கு மொட்டமாடில நீ சுத்தி உழுந்தியே, அந்த வீடியோ இருக்கா மாமா?"